கம்பி கழற்றி இரண்டு மாதம்: பல் சரியாகிவிட்டது, முகம் மட்டும் என்னுடையதாகத் தெரியவில்லை

சாரல் எழுதியது:

வணக்கம். இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வயது 30. இரண்டு வருடம் நாலு மாதம் பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தேன். கழற்றி இரண்டு மாதம் ஆகிறது. பல்வரிசை அழகாக வந்திருக்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடியில் தெரிகிற முகம் என்னுடையது மாதிரி இல்லை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேல்வரிசை எடுப்பாக இருந்தது. டாக்டர் முதல் நாள் அளந்தபோது மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட 7 மில்லிமீட்டர் முன்னால் நின்றது. இடதுபக்கம் ஒரு தெத்துப்பல் வேறு. வாயைச் சும்மா மூடினால் உதடு சேராது. சேர்த்து வைக்க மோவாயை இறுக்க வேண்டும், இறுக்கினால் மோவாயில் புள்ளி புள்ளியாகச் சுருக்கம் விழும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் பல்லி. ஆறாம் வகுப்பில் ஒருத்தி வைத்தாள், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை போகவில்லை. ‘என்ன பல்லைக் காட்டுகிறாய்’ என்று ஆசிரியர்கள் எல்லாரிடமும் சொல்வதுதான். என்னிடம் சொன்னால் மட்டும் வகுப்பே சிரிக்கும்.

சிரிப்பு வந்தால் வலது கை தானாக வாய்க்கு முன்னால் போவது அப்போது பழகியது. அக்கா கல்யாண ஆல்பத்தில் நான் 41 படங்களில் இருக்கிறேன், ஒரு தடவை உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். ஒன்றில்கூட என் பல் தெரியாது.

27 வயதில் சொந்தச் சம்பளத்தில் சிகிச்சை ஆரம்பித்தேன். மேலே, கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் முன்கடைவாய்ப் பல்லைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எடுத்தார்கள். கீழே எதையும் எடுக்கவில்லை. முதல் இரண்டு வாரம் கன்னத்தின் உள்பக்கம் முழுக்கப் புண், மெழுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்கினேன். நாலாவது மாதம் தெத்துப்பல் இறங்கி வரிசையில் சேர்ந்தது. ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில் எழுந்தபோது வாய் உலரவில்லை. இரவு முழுக்க உதடு மூடியே இருந்திருக்கிறது! என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் 7 மில்லிமீட்டர் 3 ஆனது. கம்பி கழற்றிய அன்று நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அழுதேன், சந்தோஷத்தில்தான். நாலாவது நாள் அலுவலக வீடியோ அழைப்பில் ஓரமாகத் தெரிந்த என் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். மேலுதடு தட்டையாகிவிட்டது. மூக்கு பெரிதாகிவிட்டது. கன்னம் ஒட்டியிருக்கிறது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இரண்டு கோடு. மூன்று வருடத்தில் எட்டு வயது கூடிப்போன ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். போன மாதம் மட்டும் பக்கவாட்டில் 212 படம் எடுத்திருக்கிறேன். பழைய படங்களைப் பக்கத்தில் வைத்து உதட்டை அளக்கிறேன். அம்மாவிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறேன், ‘நல்லாத்தானே இருக்கே’ என்கிறார். அலுவலகத்தில் எல்லாரும் பல்லைத்தான் பாராட்டுகிறார்கள், முகம் மாறியிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எடுத்த பல்லின் இடத்தைத் திரும்பத் திறந்து முகத்தைப் பழையபடி கொண்டுவரலாம் என்று ஒரு காணொளி பார்த்தேன். நேற்று இரவு இரண்டு மணிவரை அதைப் பற்றியே படித்தேன்.

என் முகம் உண்மையிலேயே மாறிவிட்டதா, இல்லை மனம்தான் இப்படிக் காட்டுகிறதா? தானாகச் சரியாகுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பதினெட்டு வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அது கிடைத்துவிட்டது, ஆனாலும் சிரிக்கும்போது கை இன்னும் வாய்க்குப் போகிறது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஒற்றையடி எழுதியது:

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எனக்கு 16 வயதில் நாலு பல் எடுத்தார்கள். இப்போது 33. என் முகம் உள்ளே போய்விட்டது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு மருத்துவரும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு நெரிசல் கொஞ்சம்தான் இருந்தது, இரண்டு பக்கமும் எடுத்திருக்கவே தேவையில்லை என்று வேறொரு மருத்துவர் பிறகு சொன்னார். உங்களுக்குத் தோன்றுவதைக் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடத்தைத் திறக்க முடியும் என்றால் சீக்கிரம் செய்வது நல்லது என்பது என் எண்ணம்.

பல்வரிசை எழுதியது:

சாரல், நான் பல்சீரமைப்பு மருத்துவர், 19 வருடமாக இதே வேலை. உங்கள் வாயை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்து மட்டும் பேசுகிறேன்.

உங்கள் முகம் மாறியிருக்கிறது. அது கற்பனை இல்லை. எவ்வளவு மாறியிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முன்கடைவாய்ப் பல் சுமார் 7 மி.மீ. அகலம். இரண்டு எடுத்தால் 14. தெத்துப்பல் வரிசைக்குள் வர ஒரு 4 மி.மீ. செலவாகியிருக்கும். மீதி 10, பக்கத்துக்கு 5. பின்னாலிருக்கும் கடைவாய்ப் பல்லை எவ்வளவு பிடித்துக் கட்டினாலும் அதுவும் கொஞ்சம் முன்னால் வரும், 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக முன்பல் 4 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. 7 என்பது 3 ஆனது என்று நீங்கள் எழுதியதும் இதுவும் ஒத்துப்போகிறது. பல் போகிற அளவுக்கு உதடு போகாது. மேலுதடு பெரும்பாலும் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு பின்தொடரும். தடித்த உதடு என்றால் இன்னும் குறைவு. அப்படியானால் உங்கள் மேலுதடு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கலாம்.

முகத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அற்பமான அளவு இல்லை. உதடு பின்வாங்கினால் அதன் மேலே நிற்கிற மூக்கு முன்பைவிட எடுப்பாகத் தெரியும். மூக்கு அப்படியேதான் இருக்கிறது, பக்கத்தில் இருந்தது நகர்ந்திருக்கிறது. நோயாளிகளிடம் இதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எங்களில் பலர் பல் எப்படி வரும் என்று படம் காட்டுகிறோம், உதடு எப்படி வரும் என்று சொல்வதில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. அது எங்கள் தரப்புக் குறை.

கன்னத்துக்கு வருகிறேன். வளர்ச்சி முடிந்த வயதில் கம்பியால் கன்ன எலும்போ தாடையின் நீளமோ மாறாது. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி தள்ளும்போது அழுத்தம் விழுகிற பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு கட்டும் செல்கள் கூடும். பல் அப்படித்தான் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. இந்த வேலை வேரைச் சுற்றிலுமே முடிந்துவிடும், கன்னம்வரை ஏறாது. ஆனால் கம்பி போட்டவர்கள் கடிக்க வலித்து மென்மையானதையே சாப்பிடுவார்கள், எடை குறையும், மெல்லுகிற தசைக்கும் வேலை குறைந்து அது மெலியும். கன்னம் ஒட்டிப்போவது பெரும்பாலும் அதனால்தான். நன்றாக மெல்ல ஆரம்பித்தால் சில மாதத்தில் தசை திரும்பும். உங்களுக்கு எடை குறைந்ததா?

இன்னொரு சின்ன விஷயம், யாரும் நினைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் உங்கள் உதடு பல்லின்மேல் இல்லை, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிய அன்றே உதடு கொஞ்சம் பின்னால் விழுகிறது. மெதுவாக நடந்த மாற்றத்தைக் கண் பழகிக்கொள்ளும். இது ஒரே நாளில் நடந்ததால் நாலாவது நாள் அப்படித் திடுக்கிட்டிருக்கிறீர்கள். உதட்டுத் தசை புது இடத்துக்குப் பழக நாளாகும்.

ஒற்றையடி சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. பல் எடுப்பதா வேண்டாமா என்ற வழக்கு எங்கள் துறையில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. நவீனப் பல்சீரமைப்பைத் தொடங்கிவைத்த எட்வர்ட் ஆங்கிள் ஒரு பல்லையும் எடுக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், அந்த வழியில் தான் சிகிச்சை கொடுத்தவர்களில் பலருக்குப் பல் மறுபடி கலைந்ததையும் வாய்ப்பகுதி முன்னால் தள்ளிவிட்டதையும் பார்த்து, நூறு பேருக்கு முன்கடைவாய்ப் பல்லை எடுத்துத் திரும்பவும் சிகிச்சை செய்தார். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகள் தேவைக்கு அதிகமாகவே பல் எடுக்கப்பட்டது. கொஞ்சம் நெரிசல் இருந்து, உதடும் முன்பே தட்டையாக இருந்தவருக்கு நாலு பல் எடுத்தால் முகம் கெடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 7 மி.மீ. எடுப்பும் சேராத உதடும் இருந்த ஒருவருக்கு மேலே இரண்டு எடுத்தது வேறு கணக்கு. சாரல், உங்கள் உதடு இப்போது இறுக்காமல் மூடுகிறது, மோவாய்ச் சுருக்கமும் போயிருக்கும். அதை நீங்கள் எங்கும் எழுதவில்லை, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

இடத்தைத் திரும்பத் திறப்பது பற்றி. செய்ய முடியும். ஆனால் மறுபடி ஓரிரு வருடம் கம்பி, கடைசியில் அந்த இரண்டு இடத்திலும் செயற்கைப் பல். வேர் இரண்டாம் முறையும் அழுத்தம் தாங்க வேண்டும், நுனி கரைந்து குட்டையாகலாம். முன்பக்க எலும்பு மெலிதாக இருந்தால் ஈறு இறங்கும். இதற்கெல்லாம் பிறகு உதடு முன்னால் வருவதும் அதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆறு மாதத்துக்கு இந்த முடிவை எடுக்காதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். உங்கள் மருத்துவரிடம் முதல் நாள் பக்கவாட்டுப் படமும் கடைசி நாள் படமும் இருக்கும், தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். கைபேசிப் படத்தை வைத்து அளக்க வேண்டாம். முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் நேராக எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2018இல் வெளியான ஆய்வு அது. நேராக எடுத்தாலும் பக்கவாட்டில் எடுத்தாலும், பக்கத்தில் வைத்து எடுத்தால் படத்தில் முகத்தின் அளவுகள் மாறித் தெரியும்.

சாரல் எழுதியது:

டாக்டர், மிக்க நன்றி. 6 கிலோ குறைந்திருக்கிறேன். படம் எல்லாம் கையை மடக்கி எடுத்ததுதான், ஒரு முழம்கூட இருக்காது.

மோவாயைப் பார்த்தேன். சுருக்கம் இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி பார்க்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை. சிறுவயதில் நான் மிகவும் வெறுத்தது அந்தச் சுருக்கத்தைத்தான்.

நெடுவழி எழுதியது:

சாரல், உங்களைவிடப் பதினாறு வயது மூத்தவன், ஒரு அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் 42 வயதில் கம்பி போட்டேன். பல் எதுவும் எடுக்கவில்லை, கீழ்வரிசை நெரிசல் மட்டும். அதனால் முகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் கீழ் முன்பற்கள் நாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதை மறைக்க, பேசும்போது கீழுதட்டை மேலே இழுத்து வைத்துக்கொள்வேன். இருபது வருடம் அப்படியே பேசினேன். அதனால் என் பேச்சே முணுமுணுப்பாகிவிட்டது, கூட்டத்தில் யாராவது ‘கொஞ்சம் சத்தமாக’ என்பார்கள். கம்பி கழற்றிய பிறகும் உதடு இறங்கவில்லை. நேரான பல்லை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என் மகள், அப்போது ஒன்பது வயது, ‘அப்பா, பல் சரியாயிடுச்சுல்ல, இன்னும் ஏன் மூடுற’ என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கம்பி கழற்றிய பிறகு பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்க ரீடெய்னர் கொடுக்கிறார்கள். அந்த உதட்டுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. நானாகச் செய்தது இதுதான்: தினமும் பத்து நிமிடம் அவளுக்குச் சத்தமாகக் கதை படித்தேன், உதடு மேலே போனால் அவள் என் கையைத் தட்டுவாள். எட்டு ஒன்பது மாதம் பிடித்தது. இப்போது களைப்பாக இருக்கும் நாளில் மட்டும் போகிறது. உங்கள் கை பதினெட்டு வருடம் ஒரு வேலை பார்த்திருக்கிறது. இரண்டு மாதத்தில் அதை எப்படி நிறுத்தும்?

ரீடெய்னரையும் மறந்துவிட வேண்டாம். மனக்குழப்பத்தில் இருக்கும்போது முதலில் விட்டுப்போவது அதுதான், நான் விட்டிருக்கிறேன். ஆறு வாரம் போடாமல் இருந்ததில் ஒரு பல் திரும்பவும் சாய்ந்தது. பிறகுதான் தேடிப் படித்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவர், பல் எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை ரீடெய்னர் நிறுத்திப் பத்து வருடம் கழித்துப் பார்த்து 1981இல் எழுதியிருக்கிறார். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. இரவில் போடுங்கள், முகத்தைப் பற்றி என்ன முடிவெடுத்தாலும்.

மண்வாசம் எழுதியது:

தோழி, உங்கள் பதிவில் 212 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எனக்கு அது மூக்கு. ஒரு சின்ன விபத்துக்குப் பிறகு மூக்கு கோணிவிட்டது என்று ஒன்றரை வருடம் இப்படித்தான் இருந்தேன்.

அதை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்கிறார்கள். தோற்றத்தில் இருக்கும் சின்னக் குறையோ இல்லாத குறையோ மனம் முழுவதையும் பிடித்துக்கொள்வது. நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. முகத்தில் பெரிய மாற்றம் வந்து இரண்டே மாதம் ஆன ஒருவர் குழம்புவது இயல்பும்கூட. ஆனால் என்னிடம் மனநல மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதை நினைக்கிறீர்களா? இதனால் வேலையோ, வெளியே போவதோ, மனிதர்களைப் பார்ப்பதோ குறைந்திருக்கிறதா? ஆம் என்றால் பல் மருத்துவரோடு மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். இருவரையும் பார்ப்பதில் முரண் எதுவும் இல்லை. உதடு இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்ததும் உண்மையாக இருக்கலாம், அந்த இரண்டரை மில்லிமீட்டர் உங்கள் நாள் முழுவதையும் தின்பதும் உண்மையாக இருக்கலாம்.

எனக்கு உதவியது எது என்றால், சரிபார்ப்பதைக் குறைத்தது. கண்ணாடியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, முகம் கழுவவும் தலை வாரவும் மட்டும் பார்ப்பது. படம் எடுப்பதை அடியோடு விட்டேன். மிகக் கடினமாக இருந்தது, வீட்டில் கேட்பதை நிறுத்தியதுதான். ‘நல்லாத்தானே இருக்கே’ என்று அம்மா சொன்னதும் ஒரு பத்து நிமிடம் நிம்மதி வரும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அடுத்த தடவை கேட்போம். எங்கள் அம்மாவையும் மருத்துவர் கூப்பிட்டு, ‘இனி பதில் சொல்லாதீர்கள், பேச்சை மாற்றுங்கள்’ என்றார். முதல் வாரம் அம்மாவிடம் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்புறம் ஒன்று. 1977இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஒருவருடைய படத்தை உள்ளபடியும் இடம் வலம் மாற்றியும் அவருக்கும் அவர் நண்பருக்கும் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரியான தங்கள் படம்தான் பிடித்தது, நண்பர்களுக்கு உள்ளபடியான படம் பிடித்தது. பழகிய முகம்தான் பிடிக்கிறது. நீங்கள் பழைய வாயை முப்பது வருடம் பார்த்தவர். இதை இரண்டு மாதமாகத்தான் பார்க்கிறீர்கள், அதுவும் குறை தேடிக்கொண்டு.

தாழ்வாரம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 12 வயது. சாரல் எழுதிய அதே எடுப்புப் பல், அதே கேலி. பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். கம்பி போட்டால் அவன் மனம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது.

பல்வரிசை எழுதியது:

பயப்பட வேண்டாம், அம்மா. இங்கிலாந்தில் கெவின் ஓ'பிரையன் குழு எட்டு முதல் பத்து வயதுக்குள் இருந்த 174 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையை 2003இல் வெளியிட்டார்கள். சீக்கிரமே சிகிச்சை கிடைத்த குழந்தைகளுக்குத் தங்களைப் பற்றிய எண்ணம் உயர்ந்தது, கேலி போன்ற கசப்பான அனுபவங்களும் குறைந்தன. ஆனால் பிறகு எல்லாருக்கும் சிகிச்சை முடிந்தபோது, முன்னால் ஆரம்பித்தவர்களுக்கும் பின்னால் ஆரம்பித்தவர்களுக்கும் தன்மதிப்பில் வித்தியாசம் இல்லை. வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் 1981இல் 11, 12 வயதுக் குழந்தைகள் 1,018 பேரைப் பார்த்துத் தொடங்கிய ஆய்வு இன்னும் நீளமானது. இருபது வருடம் கழித்து 337 பேரைத் திரும்பப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் பல்லைப் பற்றித் திருப்தியாக இருந்தார்கள். ஆனால் பெரியவர்களான பிறகு அவர்களுடைய மனநலத்தையும் தன்மதிப்பையும் அந்தச் சிகிச்சை பெரிதாக உயர்த்தியிருக்கவில்லை. தேவை இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர்கள் அதனால் மனம் உடைந்துபோகவும் இல்லை.

ஆகவே பல்லைக் காட்டுங்கள். கேலி ஒரு காரணம். கீழே விழுந்தால் எடுப்புப் பல்தான் முதலில் உடையும் என்பது இன்னொரு காரணம். ஆனால் கேலி செய்பவர்களைப் பற்றிப் பள்ளியில் இந்த வாரமே பேசுங்கள். கம்பி முடிய இரண்டு வருடம் ஆகலாம், பையன் அதுவரை தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சாரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

மருத்துவரிடம் போய் இரண்டு எக்ஸ்ரேயையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரைந்து காட்டச் சொன்னேன். கறுப்புக் கோடு பழையது, சிவப்புக் கோடு புதியது. நெற்றி, மூக்கு, மோவாய் எலும்பு மூன்றிலும் இரண்டு கோடும் ஒன்றாகவே ஓடின. மேலுதட்டில் மட்டும் பிரிந்தன. 2 மில்லிமீட்டர். கீழுதடு பழைய கோட்டில் வெளியே மடிந்து தொங்கியது, புதிய கோட்டில் மேலே வந்து மேலுதட்டைத் தொட்டது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஒற்றையடி, உங்கள் வலியை நான் சந்தேகப்படவில்லை. உங்கள் கணக்கும் என் கணக்கும் வேறு என்று மட்டும் இப்போது தெரிகிறது. முடிந்தால் நீங்களும் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள். இடம் திறக்கும் யோசனையை நான் விட்டுவிட்டேன்.

அதனால் முகம் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் திரும்பவும் கண்ணாடி. மண்வாசம் கேட்ட ஒரு மணி நேரக் கேள்விக்கு என் பதில் ஆம்தான். கூட வேலை செய்யும் ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போகவில்லை, காரணம் வேறு ஏதோ சொன்னேன். மனநல மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிட்டேன், அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். கைபேசியிலிருந்த படங்களை அக்கா முன்னால் உட்கார்ந்து அழித்தேன். பள்ளிக்கூடப் பெயரைப் பற்றி அக்காவிடம் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். அவளுக்குத் தெரியவே தெரியாதாம். அழுதுவிட்டாள்.

அம்மாவிடம் கேட்பது நாலிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. கேட்டால், ‘துணி காய்ந்துவிட்டதா பார்’ என்கிறார். அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று தெரிகிறது.

நெடுவழி அண்ணா, கை இன்னும் போகிறது. நேற்று அக்கா மகன் ஏதோ சொல்லிச் சிரித்தேன், பாதி வழியில் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஆறு வயது, நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

டாக்டர், ஒரே ஒரு கேள்வி. நடுவில் நாலு இரவு ரீடெய்னர் போட மறந்துவிட்டேன். இப்போது மேல் ரீடெய்னர் இடதுபக்கம், அந்தத் தெத்துப்பல் இருந்த இடத்தில் மட்டும், இறுக்குகிறது. அழுத்திப் போட்டால் உட்காருகிறது. இப்படியே போட்டுக்கொண்டிருக்கலாமா, உடனே போய்க் காட்ட வேண்டுமா?

பல்வரிசை எழுதியது:

முழுதாக உட்காருகிறது என்றால் போடுங்கள். ஒரு வாரத்துக்குச் சாப்பிடும் நேரம் தவிர பகலிலும் போடுங்கள், இறுக்கம் குறைய வேண்டும். குறையவில்லை என்றாலோ, ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ அழுத்தாமல் போய்க் காட்டுங்கள்.